உயிரிகளைச் சேர்த்து வாலிபால் ஆடும் ஆர்பிஜி: ஒரு போட்டி 27 நிமிடம் இழுக்கிறது, எங்கே தப்பு?

வலைக்கு_அப்பால் எழுதியது:

உயிரிகளைச் சேர்த்து வளர்த்து, சண்டைக்குப் பதிலாக வாலிபால் ஆட விடும் டர்ன் முறை (மாறி மாறி ஆடும்) ஆர்பிஜி, அதாவது பாத்திரங்களை வளர்த்து ஆடும் வீடியோ விளையாட்டு. கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் எஞ்சினில் மாதிரி ஆட்டம் ஓடுகிறது. ஓடுகிறதே தவிர, ஆடினால் கொட்டாவி வருகிறது. இப்போதுள்ள அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக்கு இரண்டு உயிரி களத்தில், மூன்று பெஞ்சில். பந்து வலையைத் தாண்டி வந்தால் மூன்று தொடுதலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்பைக் (வலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது) அடித்தால் சேதம் = தாக்கு − தடுப்பு. சராசரி உயிரிக்குத் தாக்கு 80, தடுப்பு 50. சேதம் எதிராளியின் ஸ்டாமினாவில் (100) கழியும். ஸ்டாமினா தீர்ந்தால் பந்து தரையில் விழுந்த கணக்கு, ஒரு புள்ளி. அடுத்த ரேலிக்கு (சர்வீஸ் முதல் புள்ளி வரையிலான ஆட்டம்) எல்லோருக்கும் ஸ்டாமினா மறுபடி 100. புள்ளி எடுத்தவர் சர்வீஸ் போடுவார், முதலில் 7 எடுப்பவருக்கு வெற்றி. நெருப்பு, செடி, நீர் என்று மூன்று வகை. சாதகமானால் தாக்கு ×2, பாதகமானால் ×½.

தொல்லைகள்: ஒரு தொடுதலுக்குச் சராசரி 6 விநாடி என்று வைத்தாலும் போட்டி 27 நிமிடம் போகிறது. சமபலமான அணிகள் மோதினால் ஸ்கோர் எப்போதுமே 7-6. தாக்கு அதிகமுள்ள ஒரே ஓர் உயிரியை வைத்துக்கொண்டு முழு விளையாட்டையும் முடித்துவிடலாம், பாஸ் செய்ய அவசியமே இல்லை. காட்டு உயிரியை அணியில் சேர்க்க என்ன வழி வைப்பது என்றும் தெரியவில்லை. அடித்து ஸ்டாமினாவைக் குறைத்துப் பிடிப்பது ஒரு விளையாட்டில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

---

கட்டக்கோடு எழுதியது:

உங்கள் 27 நிமிடத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். 80 − 50 = 30 சேதம். 100ஐத் தீர்க்க நான்கு அடி வேண்டும். சர்வீஸை வாங்கும் அணிதான் முதலில் தாக்குகிறது, ஆகவே பந்து ஒரு பக்கம் வந்து திரும்புவதை ஒரு முறை என்று எண்ணினால், அதன் நான்காவது அடி ரேலியின் ஏழாவது முறையில் விழும். ஒரு முறைக்கு 3 தொடுதல் × 6 விநாடி = 18 விநாடி. 7 × 18 = 126 விநாடி ஒரு ரேலி. 13 ரேலி போனால் 1638 விநாடி, அதாவது 27 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஏன் சரியாக 13 ரேலி? இதுதான் உங்கள் ஆட்டத்தின் அடிப்படைக் கோளாறு. பகடை எதுவும் இல்லை, பலமும் சமம். அப்படியானால் சர்வீஸ் வாங்கும் அணி ஒவ்வொரு முறையும் ஓர் அடி முந்திக்கொள்ளும், புள்ளியும் எப்போதும் அதற்கே. புள்ளி எடுத்தவர் அடுத்து சர்வீஸ் போடுவதால் மற்ற அணி வாங்கும், அடுத்த புள்ளி அதற்கு. 1-0, 1-1, 2-1, 2-2... கடைசியில் 7-6. முதல் சர்வீஸை வாங்கியவர் எப்போதும் ஜெயிப்பார். டாஸ் போட்டுவிட்டு 27 நிமிடம் வேடிக்கை பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

வகைப் பெருக்கலும் இதே கழித்தல் சூத்திரத்தில்தான் கெடுகிறது. ×2 என்றால் 160 − 50 = 110, ஒரே அடியில் புள்ளி. ×½ என்றால் 40 − 50, பூஜ்யத்துக்குக் கீழே. காலத்துக்கும் புள்ளி வராது. நான்கு அடி, ஒரு அடி, முடிவில்லா அடி என்று ஒரே உயிரிக்கு மூன்று கதி. உயிரிகளைப் பிடித்துச் சண்டையிட விடும் போக்கிமான் போன்ற விளையாட்டுகளில் ×2 தாங்குவதற்குக் காரணம், அங்கே சேதம் தாக்கு ÷ தடுப்பு என்ற விகிதத்தில் வருவதுதான்.

மாற்ற வேண்டியது இது. ஸ்டாமினாவை உயிர்க்கோடாக வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பைக்கும் புள்ளி ஆகுமா ஆகாதா என்பதை நேரடியாக ஒரு வாய்ப்பாகக் கணக்கிடுங்கள்:

வாய்ப்பு = தாக்கு ÷ (தாக்கு + 1.5 × தடுப்பு)

தாக்கும் தடுப்பும் சமமானால் 1 ÷ 2.5 = 0.4. சாதக வகைக்குத் தாக்கு ×1.3 போட்டால் 0.46, பாதகத்துக்கு ×0.75 போட்டால் 0.33. வித்தியாசம் உறைக்கும், ஆனால் யாருக்கும் கதவு அடைபடாது. உங்கள் எண்களில் தாக்கு 80, தடுப்பு 50 என்று இருப்பதால் இரண்டையும் சமத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள்.

வாய்ப்பு 0.4 என்றால் ரேலி சராசரியாக 1 ÷ 0.4 = 2.5 முறையில் முடியும், 45 விநாடி. 7 புள்ளிப் போட்டி 11-12 ரேலியில், 9 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 5 புள்ளி என்றால் சுமார் 8 ரேலி, 6 நிமிடம். காட்டு உயிரிகளோடு மோதுவதற்கு 6 நிமிடமே அதிகம். 3 புள்ளி போதும்.

புள்ளி எண்ணிக்கையைக் குறைத்தால் திறமை தோற்று அதிர்ஷ்டம் ஜெயிக்குமே என்ற பயம் வரும். ரேலிக்கு 60% வாய்ப்புள்ள அணி 3 புள்ளிப் போட்டியை 68%, 5 புள்ளியை 73%, 7 புள்ளியை 77%, 25 புள்ளியை 92% தடவை ஜெயிக்கும். சாதாரணப் போட்டிக்கு 5, லீக் இறுதிக்கு 7 அல்லது 9 என்று வையுங்கள்.

“புள்ளி எடுத்தவரே சர்வீஸ்” என்ற விதியை மட்டும் தொடாதீர்கள். 0.4 வாய்ப்பில் சர்வீஸ் வாங்கும் அணிக்கு ரேலி கிடைக்கும் வாய்ப்பு 0.4 ÷ (1 − 0.36) = 0.625. பின்தங்கிய அணியைத் தானாகவே கை தூக்கிவிடும் விதி அது. இதற்கென்று தனியாக எந்தச் சலுகையும் எழுத வேண்டாம்.

---

மூன்றாம்_தொடுதல் எழுதியது:

மேலே சொன்ன சூத்திரத்தோடு, ஒரே பலமான உயிரி எல்லாவற்றையும் முடித்துவிடும் பிரச்சினைக்கும் வருகிறேன். உங்கள் விதிப் பட்டியலில் வாலிபாலின் உயிரான ஒரு விதியைக் காணோம்: ஒருவரே தொடர்ந்து இருமுறை பந்தைத் தொடக்கூடாது. (வலை ஓரத்தில் எதிராளியின் அடியை மறித்த தொடுதல், அதாவது பிளாக், மட்டும் விலக்கு.) இரண்டு பேர் அணியில் இதைப் போட்டதும் தொடுதல் வரிசை கட்டுப்பட்டுவிடும்: முதலில் வாங்கியவர்தான் மூன்றாவதாக அடிக்க முடியும். நடுவில் மற்றவர் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன தெரியுமா? உங்கள் அணியில் யார் ஸ்பைக் அடிப்பது என்பதை முடிவு செய்வது எதிரணியின் சர்வீஸ். பீச் வாலிபாலில் சர்வீஸை ஒரே ஆளைக் குறிவைத்துப் போடுவது இதனால்தான்.

உதாரணம் பார்ப்போம். சுள்ளி: தாக்கு 90. மொக்கு: தாக்கு 50, ஆனால் தூக்கிக் கொடுத்தால் அடிப்பவரின் தாக்கு ×1.3 ஆகும் திறன். எதிரணித் தடுப்பு 60, ஆகவே 1.5 × 60 = 90.

சர்வீஸ் சுள்ளிக்கு வந்தால்: சுள்ளி வாங்க, மொக்கு தூக்க, சுள்ளி அடிக்கும். 117 ÷ 207 = 0.57. பயங்கரம்.

சர்வீஸ் மொக்குவுக்கு வந்தால்: மொக்கு வாங்க, சுள்ளி தூக்க, மொக்கு அடிக்கும். 50 ÷ 140 = 0.36. அல்லது சுள்ளி இரண்டாவது தொடுதலிலேயே அடித்துவிடலாம். அதற்கு ×0.8 தண்டம் வையுங்கள்: 72 ÷ 162 = 0.44. (முதல் தொடுதலிலேயே அடித்தால் ×0.6.)

அப்படியானால் எல்லோரும் மொக்குவுக்கே சர்வீஸ் போடுவார்களே? இங்கேதான் ஸ்டாமினாவுக்கு வேலை. வாங்கினால் 8, அடித்தால் 12, தூக்கினால் 3 கழியட்டும். சுள்ளி வாங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் 20 போகும். ஸ்டாமினா குறைந்தால் தடுப்பு தளரட்டும்: தடுப்பு × (0.5 + 0.5 × ஸ்டாமினா ÷ 100). மூன்று முறைக்குப் பிறகு சுள்ளியிடம் 40 இருக்கும், தடுப்பு 70 சதவீதமாக இறங்கும், சமபலமான எதிராளியின் ஸ்பைக் 0.4இலிருந்து 0.49 ஆகும். இப்போது சர்வீஸ் போடுபவருக்கு உண்மையான ஊசலாட்டம்: அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று சுள்ளியைக் களைப்படைய வைப்பதா, மொக்குவுக்குப் போட்டு இந்த ரேலியைக் காப்பாற்றுவதா?

ரேலி முடிந்ததும் ஸ்டாமினாவை 100 ஆக்குவதை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை பெஞ்சில் உள்ள மூன்று பேரும் அலங்காரம்தான். களத்தில் இருப்பவருக்கு எதுவும் மீளக்கூடாது, பெஞ்சில் இருப்பவருக்கு ரேலிக்கு 15 மீளட்டும். 2.5 முறை ரேலியில் ஒரு பக்கத்துக்குச் சராசரி 1.25 முறை வரும். எல்லா சர்வீஸும் சுள்ளிக்கே வந்தால் ரேலிக்கு 25 கழிந்து நான்காவது ரேலியில் சுள்ளி தள்ளாடும். 5 புள்ளிப் போட்டியில் ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். உள்ளரங்க வாலிபாலில் ஒரு செட்டுக்கு 6, பீச் வாலிபாலில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது. உங்கள் அளவுக்குப் போட்டிக்கு 3 சரியாக இருக்கும். வரம்பில்லாமல் விட்டால் ரேலிக்கு ரேலி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் சிறந்த ஆட்டமாகிவிடும், மெனுவைத் திறந்து மூடியே கை ஓய்ந்துபோகும்.

---

பந்துப்பூச்சி எழுதியது:

சேர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

போக்கிமான் பிடிக்கும் சூத்திரத்தை அப்படியே எடுத்து வந்தால் ஏன் ஒட்டாது என்று பாருங்கள். மூன்றாம் தலைமுறை விளையாட்டுகள் முதல் அதன் உட்கரு இது: (3 × முழு உயிர் − 2 × இப்போதைய உயிர்) ÷ (3 × முழு உயிர்), இதைப் பிடிவீதத்தால் (அந்த உயிரி எவ்வளவு எளிதில் பிடிபடும் என்ற எண்) பெருக்க வேண்டும். உயிர் முழுதாக இருந்தால் பிடிவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு, கடைசிச் சொட்டில் கிட்டத்தட்ட முழுப் பிடிவீதம். மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் பிடிவீதம் 45 உள்ள உயிரிக்குச் சாதாரணப் பிடிபந்தில் 255க்கு 15, அதாவது 6 சதவீதம். அடித்துக் குறைத்தால் 255க்கு 45, 18 சதவீதம் அளவில். முழுக்க முழுக்கப் பலவீனப்படுத்துவதற்குக் கொடுக்கும் பரிசு அது. விளையாட்டில் ஒருவர் நம் அணிக்கு வருவது நாம் நன்றாக ஆடுவதைப் பார்த்து. அடி வாங்கியா வருவார்?

இதே வகையில் ஏற்கெனவே வந்திருக்கும் பீஸ்டிபால் (கிரெக் லோபனோவ் குழுவினர், 2024 நவம்பரில் முன்கூட்டிய வெளியீடு, இதுவும் இரண்டுக்கு இரண்டு வாலிபால்தான்) பிடிப்பதையே தூக்கிப்போட்டுவிட்டு, காட்டு உயிரியை ஆட்டத்தால் கவர்ந்து சேர்க்கும் வழியை எடுத்தது. திசை சரியானது. ஆனால் நிபந்தனை எழுதும்போது மூன்று குழிகள் உண்டு.

ஒன்று, நிபந்தனையும் வெற்றியும் எதிரெதிராக நிற்பது. “இரண்டு புள்ளி விட்டுக்கொடு” என்று எழுதினால் ஆட்டக்காரர் சும்மா நின்று தோற்பார். நன்றாக ஆடினாலே நிறைவேறக்கூடியதாக, ஆனால் வழக்கமாகச் செய்யாததாக இருக்க வேண்டும்: “இரண்டாவது தொடுதலில் அடித்துப் புள்ளி எடு”, “ஒரே ரேலியில் மூன்று ஸ்பைக்கைத் தடுத்துத் திருப்பு”.

இரண்டு, நிபந்தனை நிறைவேறுமுன் போட்டி முடிந்துபோவது. மேலே 3 புள்ளி என்றார்கள். பலமான அணியோடு போனால் மூன்றே ரேலியில் 3-0, மூன்று தடுப்புக்கெல்லாம் வாய்ப்பே வராது. காட்டுப் போட்டிக்கு மட்டும் நம் அணியின் லெவலை எதிராளியின் லெவல் + 2க்கு மேல் எண்ணாமல் வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆட்டக்காரர் பழைய ஊருக்குத் திரும்பி வந்து சின்ன உயிரியைச் சேர்க்கவே முடியாது, சேகரிப்பு விளையாட்டில் இதைவிட எரிச்சல் வேறில்லை.

மூன்று, மறைப்பது. முதல் போட்டியில் நிபந்தனை தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்த உயிரியின் நடத்தையில் துப்பு இருக்க வேண்டும்: நாம் எதைச் செய்யும்போது அது துள்ளுகிறது என்று. இரண்டாவது சந்திப்பில் நிபந்தனையை எழுத்தில் காட்டிவிடுங்கள்.

நிறைவேறினால் உறுதியாகச் சேரட்டும். அதற்குமேல் ஒரு பகடை உருட்டாதீர்கள். நிபந்தனையை முடித்த பிறகு 40% என்று பகடை போட்டால், சேமித்துவைத்த இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஏற்றுவதுதான் அங்கே ஆட்டமாக இருக்கும்.

---

நெட்டுக்_குட்டை எழுதியது:

கட்டக்கோடு சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. 0.4 என்று திரையில் காட்டிவிட்டுப் பகடை உருட்டினால், ஆட்டக்காரர் கையில் முடிவு எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். பகடைக்கு முன் ஓர் ஊகத்தை வையுங்கள். அடிப்பவர் ஸ்பைக்கா டிப்பா (வலையைத் தாண்டியதும் விழும்படி மெதுவாகத் தட்டிவிடுவது) என்று ரகசியமாகத் தேர்ந்தெடுக்கட்டும். தடுப்பவர் பின்களமா (ஸ்பைக்கைத் தடுக்க) முன்களமா (டிப்பைத் தடுக்க) என்று தேர்ந்தெடுக்கட்டும். இரண்டும் ஒன்றாகத் திறக்கட்டும்.

தடுக்கப்பட்டால் எந்த அடியும் 0.2. தடுக்காமல் விட்டால் ஸ்பைக் 0.8, டிப் 0.6. இருவரும் சரியாக ஆடினால் எண் எங்கே போய் நிற்கும்? தடுப்பவர் 60% தடவை பின்களத்தில் நிற்க வேண்டும்; அடிப்பவர் 40% தடவை மட்டுமே ஸ்பைக் அடிக்க வேண்டும். அப்போது வாய்ப்பு 0.44, கட்டக்கோடின் இலக்குக்குப் பக்கத்திலேயே. பலமான அடியைக் குறைவாகவே அடிக்க வேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தெரியும். எதிராளி அதைத்தான் காத்து நிற்கிறார் என்பதால் அப்படி. ஆட்டக்காரர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

கணினி எதிராளியை எழுதும்போது இந்த 60/40ஐ அப்படியே கொடுத்தால் கல்லைப் போல ஆடும், எதைச் செய்தாலும் 0.44தான். ஒவ்வொரு காட்டு உயிரிக்கும் வேண்டுமென்றே ஒரு சாய்வு கொடுங்கள்: ஒன்று 85% பின்களத்திலேயே நிற்கும், இன்னொன்று போன முறை எங்கே அடி விழுந்ததோ அங்கேயே நிற்கும். உயிரியின் குணம் என்று ஆட்டக்காரர் சொல்லப்போவது இதைத்தான், படத்தின் கீழே எழுதியிருக்கும் நாலு வரி வர்ணனையை இல்லை.

அப்புறம், நேரக் கடிகாரம் வைக்கும் ஆசை வந்தால் வேண்டாம். ஃபைனல் ஃபேண்டஸி 10இல் (2001) வரும் பிளிட்ஸ்பால் என்ற நீருக்குள் ஆடும் பந்தாட்டத்துக்கு ஒரு பாதிக்கு 5 நிமிடக் கடிகாரம். ஒரு கோல் போட்டதும் பந்தைத் தன் கோலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டிவிடுவது அதில் ஊரறிந்த தந்திரம். புள்ளியில் முடியும் ஆட்டத்துக்கு இந்த ஓட்டை கிடையாது.

---

வலைக்கு_அப்பால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் சர்வீஸ் வாங்கியவரே ஜெயிக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது; பதிவை எடுத்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. விகிதச் சூத்திரத்தைப் போட்டேன், ஆனால் இப்போது ஒரு ஸ்பைக்கும் புள்ளி ஆவதில்லை, வாய்ப்பு 0 என்றே வருகிறது. இன்னொன்று: விகிதம் என்றால் லெவல் வித்தியாசத்துக்கு மதிப்பிருக்குமா? தாக்கும் தடுப்பும் சேர்ந்தே வளர்கின்றனவே.

---

கட்டக்கோடு எழுதியது:

0 வருவது முழு எண் வகுத்தல். தாக்கையும் தடுப்பையும் முழு எண்ணாக வைத்திருப்பீர்கள், 1.5ஐத் தசமமாகப் பெருக்காமல் முதலிலேயே 90 என்று முழு எண்ணாக்கிச் சேமித்திருந்தால் 60 ÷ 150 என்பது கோடோவில் 0.4 ஆகாது, 0 ஆகும். மஞ்சள் எச்சரிக்கை ஒன்று காட்டியிருக்கும், கண்ணில் பட்டிருக்காது. ஒரு பக்கத்தை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றினால் போதும். ஸ்டாமினா ÷ 100ஐ முதலில் தனியாகக் கணக்கிட்டால் அங்கும் இதே பொறி இருக்கிறது, 99 ÷ 100 கூட 0 ஆகி, ஒரே ஒரு ஸ்டாமினா இழந்த உயிரியின் தடுப்பு பாதியாகிவிடும். அங்கே 100.0 என்று எழுதுங்கள்.

லெவல் விஷயம் நல்ல கேள்வி. போக்கிமான் பாணியில் தாக்கு அல்லது தடுப்பின் அளவு = 2 × அடிப்படை × லெவல் ÷ 100 + 5 என்று வைத்தால், அடிப்படை (அந்த உயிரியின் பிறவி எண்) 80க்கு லெவல் 5இல் 13, லெவல் 7இல் 16. விகிதம் 1.23, சாதக வகைக்குக் கொடுத்த 1.3க்குக் கிட்ட வருகிறது. அதே இரண்டு லெவல் வித்தியாசம் 50க்கும் 52க்கும் இடையில் என்றால் 85, 88, விகிதம் 1.04தான். தொடக்கத்தில் லெவல் பேசும், கடைசியில் வகையும் ஆட்டமும் பேசும். சேகரிப்பு விளையாட்டுக்கு இது தானாக அமைந்த வரம், நடுவில் கை வைக்க வேண்டாம்.

தொடக்க ஊரில் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அந்த +5ஐ +10 ஆக்கினால் 18க்கு 21, விகிதம் 1.17 ஆக இறங்கும். முதல் எதிராளி உங்கள் ஆட்டக்காரரைவிட இரண்டு லெவல் மேலே இருந்தாலும் தோல்வி உறுதி என்ற நிலை வராது. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் அனுபவப் புள்ளியில் பாதியாவது கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது ஊர் வருவதற்குள் களத்து இரண்டு பேர் லெவல் 20, பெஞ்சு லெவல் 9 என்று பிரிந்து, மாற்றுவதற்கு ஆளே இல்லாமல் போகும்.